செவிக்கும் விலையோ?

பார்வை மங்கியவரைக் கண்டால் பரிவு பிறக்கிறது. கால் இழந்தவரைக் கண்டால் கை நீட்டித் தாங்குகிறோம். காது கேளாதவரைக் கண்டால் மட்டும் கைகொட்டிச் சிரிக்கிறோம்! நாடக மேடையை அறிந்தவன் நான். அங்கே செவிட்டுத் தாத்தா நுழைந்தால் போதும், வாய் திறப்பதற்கு முன்பே கொட்டகை குலுங்கும். ஒன்று கேட்டால் ஒன்று சொல்வார்; ஊரே உருண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, உண்மையான தாத்தா ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்து, உள்ளே மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பேசுவது என்னவென்று அறியாமல், அறியவில்லை என்று சொல்லவும் நாணி, எல்லோரும் சிரிக்கும் நேரம் பார்த்துத் தாமும் சிரிக்கிறாரே, அந்தக் காட்சியை எந்த நாடகமும் காட்டுவதில்லை.

லண்டன் மாநகரில் வாழும் தோழர் ஒருவர் அண்மையில் கேட்டிருந்தார். தந்தைக்குக் காது மந்தமாகிவிட்டது. அரசின் நல்வாழ்வுப் பணி இலவசமாகத் தரும் கருவியைப் பெறுவதா, கடைவீதியில் மூவாயிரம் பவுண்டு சொல்கிறார்களே, அதை வாங்குவதா? இலவசம் என்றால் மட்டம் என்கிறார்கள் நண்பர்கள். விலை என்றால் வஞ்சம் என்கிறார் தந்தை. என்ன செய்வது?

ஒரு குடும்பத்தின் கேள்விதான். ஆனால், கேளாத செவியைக் கேட்க வைப்பது யார் கடமை, கடைக்காரரின் கடமையா, காவல் நிற்கும் அரசின் கடமையா என்ற பெருங்கேள்வி அதற்குள்ளே பதுங்கியிருக்கிறது, தோழர்களே! ஆகவேதான், கடல் கடந்த ஊரின் கதை என்று ஒதுக்காமல், ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கே அதைப் பொருளாக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். முதுமையில் வரும் செவிக்குறை, எல்லா ஒலியையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. கீச்சென்ற மேலொலிகளைத்தான் முதலில் பறித்துக் கொள்கிறது. எழுத்தில் சொல்வதானால், உயிரெழுத்தின் முழக்கம் காதில் விழும். வல்லின மெய்யின் வெடிப்பும் உரசலும் விழா. 'படி' என்றாலும் 'கடி' என்றாலும் 'தடி' என்றாலும் அவருக்கு எல்லாம் 'அடி'தான்! உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. "சத்தம் கேட்குது, பேச்சுப் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நாமோ, தொண்டை கிழியக் கத்துகிறோம். கத்தினால் உயிர்தான் பெருகும், மெய் பெருகாது.

எனவே, கருவி என்பது வெறும் ஒலிபெருக்கி அன்று. எந்த ஒலி எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று அளந்து, குறைந்த இடத்தில் மட்டும் கூட்டி, நிறைந்த இடத்தில் அடக்கி, அவரவர் காதுக்கென்று அமைக்க வேண்டும். பொருத்தியபின், காதினுள்ளே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, செவிப்பறை அருகே ஒலி எந்த அளவில் வந்து சேர்கிறது என்று சோதிக்க வேண்டும். பத்தாயிரம் பொன் கொட்டி வாங்கிய கருவியும் இந்தப் பணி நடவாவிட்டால் பித்தளைத் தோடுதான். எளிய கருவியும் இந்தப் பணி நடந்தால் பேரன் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும். இதை மனத்திலே வைத்துக்கொண்டு, பிரிட்டன் செய்ததைப் பார்ப்போம். நம்மை ஆண்ட நாடு என்பதற்காக அங்குள்ள அனைத்தையும் ஆகா என்பவன் அல்லன் நான். நல்லதை நல்லது என்பதில் நமக்கு நட்டமும் இல்லை.

அனூரின் பெவன் என்றொருவர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பட்டம் பெறாமல் கல்லூரி வாயிலைக் கடந்துவந்த என்னைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்வதிலே ஒரு தனிச் சுவை உண்டு! திக்குவாய் வேறு. அந்தத் திக்கலை வென்று, எதிரிகளும் வியக்கும் பேச்சாளர் ஆனார். பேசத் தவித்தவருக்குத்தான் கேட்கத் தவிப்பவரின் துயர் தெரியுமோ என்னவோ! போரிலே வென்று பொருளிலே நொந்து கிடந்த நாட்டில், உணவுக்கும் பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில், நல்வாழ்வு அமைச்சராக அமர்ந்து, 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய நல்வாழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். பல்லுக்கு மருத்துவம், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கருவி, எதற்கும் காசு இல்லை. என்ன வருமானம் என்று கேட்பதும் இல்லை.

காதுக்கான கருவியை அரசே உருவாக்கியது. மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அறிஞர் குழு வகுத்த அமைப்பு அது. மன்றத்தின் ஆங்கிலப் பெயரையே சுருக்கி 'மெட்ரெஸ்கோ' என்று பெயரிட்டனர். வால்வு வைத்த பெட்டி சட்டைக்குள், மின்கலம் தனியே, அங்கிருந்து காதுவரை ஒரு கம்பி! அழகுப் பொருள் அன்று. ஆயினும், பணம் படைத்தவருக்கு மட்டுமே கிட்டிவந்த பொருள், ஆலைத் தொழிலாளியின் விதவைத் தாய்க்கும் கிட்டிற்று. வாங்க வந்தவர் கூட்டம் உற்பத்தியை மிஞ்சிப் போயிற்று.

மூன்றே ஆண்டுகள்! 1951-இல், கொரியப் போருக்கும் படைக்கலத்துக்கும் பணம் வேண்டும் என்று, பல் கட்டுவதற்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றது அவருடைய கட்சியின் அரசே. அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பெவன், பதவியை விட்டு வெளியேறினார். கண்ணுக்கும் பல்லுக்கும் கட்டணம் வந்துவிட்டது. காது மட்டும் தப்பியது. அன்று தொட்டு இன்று வரை, பிரிட்டனின் பொது நல்வாழ்வுப் பணியில் காதொலிக் கருவி காசின்றித்தான் தரப்படுகிறது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும். பாதி உண்மையாகவும் ஆகிவிடும். மறுபாதியும் சொல்ல வேண்டும். அரசுக் கருவி பின்தங்கியது. பல முறை பின்தங்கியது. காதின் பின்னே அமரும் சிறு கருவிகள் 1950-களிலேயே கடைக்கு வந்துவிட்டன. அரசு அதைத் தந்ததோ 1974-இல்! இருபது ஆண்டுக்காலம் ஏழையின் மார்பிலே பெட்டியும் கம்பியும் தொங்கின. பணக்காரரின் காதுக்குப் பின்னே அது ஒளிந்து கொண்டது. யார் ஏழை என்று தெருவே கண்டு கொள்ள ஒரு கம்பி போதுமானதாக இருந்தது. பிறகு, 1996-இல் எண்முறைக் கருவிகள், டிஜிட்டல் என்கிறார்களே, அவை கடைக்கு வந்தன. விலையோ ஆயிரக்கணக்கான பவுண்டு. அரசு மருத்துவமனையில் பழைய கருவியே. காது கேளாதோருக்கான சங்கம் கதவைத் தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் இங்கிலாந்தின் அரசுச் செவி மருத்துவம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. எண்முறைக் கருவி எல்லோருக்கும் உரியதாயிற்று.

அதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். தனியாருக்கு ஆயிரக்கணக்கில் விற்கப்பட்ட வகைக் கருவியை, இலட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறோம் என்று அரசு பேரம் பேசியபோது, ஒரு கருவியின் கொள்முதல் விலை நூறு பவுண்டுக்கும் கீழே இறங்கியது! செய்பவர்கள் வேறு யாரும் அல்லர். உலகின் காதொலிக் கருவிச் சந்தையில் பெரும்பகுதி ஐந்தே பெருங்குழுமங்களின் கையில் இருக்கிறது. காது கேளாத மனைவிக்காகக் கருவி தேடிப் போன ஹான்ஸ் டெமன்ட் என்ற டென்மார்க்குக்காரர் 1904-இல் தொடங்கிய தொழிலின் வழிவந்த ஓட்டிகான் முதல், ஸ்விட்சர்லாந்தின் ஃபோனாக் வரை, கடைக்குக் கொடுப்பவர்களே அரசுக்கும் கொடுக்கிறார்கள். அரசுக்கென்றே தனிப் பெயரிட்டு விற்பவர்களும் உண்டு. ஒரே உலையில் வெந்த சோறு. ஒன்று வெள்ளித் தட்டில், மற்றொன்று வாழை இலையில்.

அப்படியானால் வெள்ளித் தட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. நேர்மையாகச் சொல்வோம். கண்ணுக்கே தெரியாமல் காதுத் துளைக்குள் அமரும் வகை, அரசுப் பணியில் அரிது. பெரும்பாலும் காதின் பின்னே அமர்வதையே தருவார்கள். எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஊருக்கு ஊர் அது வேறுபடும். கடையில் நாளையே வரச் சொல்வார்கள். நாற்காலி மெத்தென்று இருக்கும். நின்று நிதானித்துப் பேசுவார்கள். இசைக் கலைஞருக்கு, நாள்தோறும் மன்றங்களில் வாதாடுபவருக்கு, புதுப்புது வசதிகள் பயன்படவும் கூடும். வசதி உள்ளவர் அதற்கு விலை கொடுப்பதைப் பழிக்க என்ன இருக்கிறது? ஆனால், கொடுக்கும் விலையில் பெரும்பகுதி வசதிக்கும் தேர்வுக்கும் கவனிப்புக்கும் ஆனது. மூவாயிரம் பவுண்டுக்கு முப்பது மடங்கு காது கேட்கும் என்று எண்ணிக்கொண்டு மட்டும் யாரும் பணப்பையைத் திறக்க வேண்டாம்.

விற்பவர் எல்லாம் வீணர் என்பதும் என் வாதம் அன்று. ஆயினும், வீட்டு வாசலில் வந்து நின்று முதியவர்களை மயக்கி விற்ற காலம் ஒன்று இருந்ததால்தான், 1968-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, கருவி விற்பவர்கள் பதிவு பெற வேண்டும், நடத்தை விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கடிவாளம் இட்டது. இன்றோ, சில வட்டாரங்களில், கடைவீதிக் கடைகளே அரசின் ஒப்பந்தம் பெற்று இலவசக் கருவியும் தருகின்றன. ஒரே கடைக்கு இரண்டு கதவு! முதற் கதவில் இலவசத்துக்கு நுழைந்தவரை இரண்டாம் கதவின் பக்கம் இனிக்க இனிக்க அழைப்பதும் நடக்கக்கூடும்.

லண்டன் தோழருக்கு என் பதில் இதுதான். முதலில் பொது மருத்துவரிடம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள். குறும்பி அடைத்திருந்தாலும் காது மந்தம்தான், அதற்குக் கருவி வேண்டா. பிறகு அரசின் செவிப்பிரிவில் அளந்து, இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் கருவி கேளுங்கள். அது கடனாகத் தரப்படும் பொருள், உரிமை அரசுடையது. ஆகவே பழுது பார்ப்பதும் அரசின் பொறுப்பு, மின்கலமும் இலவசம். தொலைத்தால் கட்டணம் கேட்கலாம், கவனம்! சில மாதம் அணியட்டும். முதல் வாரமே தட்டும் தண்ணீரும் இடிபோலக் கேட்கிறது என்று கழற்றி வைப்பார். பல ஆண்டு மறந்த ஒலிகளை மூளை மறுபடி பழக நாளாகும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சென்று திருத்தி அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பின்னும் குறை உண்டென்றால் கடைக்குப் போகலாம். போனால் கேளுங்கள்: திருப்பித் தரும் சோதனைக் காலம் எத்தனை நாள்? பின்னாளைய கவனிப்பு இந்த விலைக்குள்ளா, வெளியிலா? குழாய் செலுத்தி அளக்கும் சோதனை உண்டா? கருவியின் அமைப்பை வேறொருவர் திருத்த முடியுமா, அல்லது இந்தக் கடையின் பூட்டுக்கு இந்தக் கடையே சாவியா? நாடக அரங்கிலும் பயணச்சீட்டுச் சாளரத்திலும் ஒலியை நேரே பிடித்துத்தரும் கம்பிச்சுருள், டெலிகாயில், அதில் உண்டா? நாடகக்காரன் என்ற முறையில் இந்தக் கடைசிக் கேள்வியை நான் விடமாட்டேன்!

பதில் முடிந்தது. பொது வழக்கு முடியவில்லை.

'இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது' என்று அந்தத் தோழர் கேட்க முடிந்ததே, எதனால்? இரண்டு இருப்பதனால்! அரசின் கை விலகியிருந்தால், கேள்வி 'எதை' என்று இராது. 'எப்படி வாங்குவது' என்று இருக்கும். அந்தக் கை விலகிப் பார்த்ததும் உண்டு. 2015-இல், இங்கிலாந்தின் வட ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில், பணம் போதவில்லை, ஆகவே 'லேசான' செவிக்குறை உள்ள முதியோருக்கு இனி இலவசக் கருவி இல்லை, நடுத்தரக் குறை உள்ளவருக்கும் நிபந்தனை உண்டு என்று ஆணையிட்டனர். 1948-க்குப் பிறகு அந்நாட்டில் அப்படி முதலில் கைவிரித்த இடம் அது. லேசானது! சொல்லைக் கவனியுங்கள். அளப்பவருக்கு லேசு, பேரக்குழந்தையின் மழலை விளங்காத பாட்டிக்கு அது லேசா? காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்புண்டு என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2017-லேயே எடுத்துரைத்தது. கருவி மட்டுமே மறதியைத் தடுத்துவிடும் என்று அடித்துச் சொல்ல மருத்துவர்கள் முன்வரவில்லை; ஆனால், பேச்சு விளங்காதவர் பேச்சை நிறுத்துகிறார், பேச்சை நிறுத்தியவர் வெளியே வருவதை நிறுத்துகிறார் என்பதற்கு ஆய்வு வேண்டுமா? 2018-இல் அந்நாட்டின் மருத்துவ நெறிமுறை நிறுவனம் தெளிவாக்கியது: டெசிபல் எண் அன்று அளவுகோல், கேட்பதிலும் உரையாடுவதிலும் இடர் உண்டு என்றால் கருவி தருக!

அரசின் கை நீளாத நாடு எப்படி இருக்கும் என்று பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டினால் போதும். செல்வத்தில் முதல்வரான அமெரிக்கா 1965-இல் முதியோருக்கு மருத்துவக் காப்பீடு தந்தபோது, காதொலிக் கருவிக்கு இடமில்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. காது மந்தமாகும் வயதினருக்கான காப்பீட்டில் காதுக்கு இடமில்லை! 2021-இல் அதைச் சேர்க்கும் மசோதா கீழவையில் நிறைவேறி, மேலவையில் கரை சேரவில்லை. 2022 அக்டோபர் முதல், லேசான, நடுத்தரக் குறை உள்ளோர் மருந்துக்கடையிலேயே சீட்டின்றி வாங்கலாம் என்று விதியைத் தளர்த்தினர். விலை சற்றே இறங்கியது, நல்லதுதான். ஆனால், கடையைத் திறந்தார்களே தவிர, கையைத் திறக்கவில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 'காது மிஷின்' என்று ஊரார் சொல்லும் கருவியை இலவசமாகத் தரும் வழி தமிழ்நாட்டிலும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அதற்குரிய இடம். பிறவியிலேயே செவித்திறன் இழந்து, 6 வயதைத் தாண்டாத குழந்தைகளுக்கு, இலட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் அறுவை மருத்துவம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். பேசாமலே போயிருக்கும் பிள்ளைகள் பேசுகிறார்கள். இதைக் குறைத்துச் சொல்பவன் மனிதன் அல்லன். ஆனால், வருமானச் சான்றும் அடையாள அட்டையும் கேட்கும் வாயிலில் நிற்கும் அந்தத் திண்ணைத் தாத்தாவின் நிலை என்ன?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 டெசிபல் குறைந்த பின்புதான் ஒருவரைச் 'செவித்திறன் குறைந்தவர்' என்கிறது. 70 டெசிபல் என்றால் 'காது கேளாதவர்'. பிரிட்டனில் 20-லிருந்து 40 டெசிபல் வரை உள்ளதைத்தான் 'லேசான' குறை என்கிறார்கள். அதற்குக் கருவி மறுத்ததற்கே அங்கு அத்தனை ஆர்ப்பாட்டம்! இங்கே 50 டெசிபல் இழந்த முதியவர், எதிரே இருந்து பேசுவதும் விளங்காதவர், சட்டத்தின் கண்ணுக்குக் காது கேட்பவர். அவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாததால் கருவி இல்லை. கடைக்குப் போனால் மகனின் சில மாதச் சம்பளம். 'இந்த வயசில் எனக்கு எதுக்குப்பா' என்று அவரே சொல்லிவிடுகிறார். அதைத் தியாகம் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

கருவி கிடைத்தவர் நிலை மட்டும் என்ன வாழ்கிறது? அந்தக் கருவிக்குள் இருக்கும் பொட்டு அளவு மின்கலம் ஒன்றிரண்டு வாரத்தில் உயிர்விடும். பிரிட்டனில் சிறு புத்தகம் ஒன்றைக் காட்டினால் புதியது கையில் விழும். நம் சிற்றூரில் அது எந்தக் கடையில் கிடைக்கும்? நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். காது அச்சு தளர்ந்து 'கீய்' என்று கத்தினால் அதற்கும் நகரம். விழாவில் மாலையோடு பெற்ற கருவி, பெட்டியோடு பரணில் ஏறிவிடுகிறது. கருவி தந்த கணக்கு ஏட்டில் ஏறுகிறது; அது காதில் இருக்கிறதா என்ற கணக்கை யார் எடுக்கிறார்கள்?

கிளைத் தோழர்களே! வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அடுத்த முறை ஏறும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இந்த வீட்டில் பேச்சு விளங்காத பெரியவர் உண்டா? கருவி வாங்கிப் பரணில் வைத்தவர் உண்டா? முதற் பட்டியலில் உள்ளவர்களை அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று அளந்து, டெசிபல் எண்ணைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். 60-க்குக் கீழே நிற்பவர் எத்தனை பேர் என்பது தெரியட்டும். இரண்டாம் பட்டியலில் உள்ளவர்களின் கருவிக்கு மின்கலம் இல்லையா, அச்சு சரியில்லையா, பழுதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலையும் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். எந்தக் கட்சி உறுப்பினராயினும் சரி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரையோடு மின்கலமும் தருவதற்கு என்ன தடை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.